துட்டி சொல்லாத சாவு

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் எழுத்தை மூன்று வருடமாகப் படித்து வருகிறேன். பிசான அறுவடை பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்கு வயது 56. மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ ஊசி. சிவப்பாக ஒரு மருந்தும் அதில் உண்டு. இதுவரை இரண்டு முறை ஏற்றியாயிற்று.

புற்றுச் செல் எப்படிச் சாகிறது என்பதைப் பொறுத்து உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளும் என்று ஒரு மருத்துவரின் பேச்சில் கேட்டேன். ஆனால் கீமோ எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். எது சரி? செத்துப்போன செல்கள் எல்லாம் எங்கே போகும்? அந்த அழுக்கு ரத்தத்தில் தங்கி விஷமாகாதா? அதை வெளியேற்ற ஒரு கசாயம் இருப்பதாக மாமா சொல்கிறார். கத்தி பட்டால் நோய் பரவும் என்றும் அவர் சொன்னதில் எல்லோருக்கும் குழப்பம்.

அம்மாவுக்கு இன்னும் விவரம் சொல்லவில்லை. சாதாரணக் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். பயந்த சுபாவம். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்து, குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். அந்தச் சாவுச் செய்தி எனக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. மாலை போட்ட போட்டோ, கீழே எடுக்கிற நேரம். பழைய நாளில் துட்டி சொல்ல, அதாவது சாவுச் சேதி சொல்ல, வருகிற ஆளை நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். நீங்கள் கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான் என்று பட்டது. அதனால் மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மாமாவை முடித்துவிடுகிறேன். கத்தி பட்டால் பரவும் என்ற பயத்துக்கு அர்த்தமில்லை. கட்டி முற்றிப்போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து, திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் தையல் போட்டு அனுப்பிய காலத்துப் பேச்சு அது. கசாயத்தைக் கொல்லையில் ஊற்றுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஏற்றுகிற மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையில் ஈரல் கிடந்து மல்லாடிக்கொண்டிருக்கிறது. என்ன இலை, என்ன வேர் என்று தெரியாத இன்னொரு சுமையை அதன் தலையில் ஏற்றாதீர்கள். மாமா தங்கமானவராகவே இருக்கட்டும். மருந்து விஷயத்தில் அவர் பேச்சு வேண்டாம்.

இனி செத்த செல்கள். ‘அழுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற உங்கள் உடம்பிலேயே இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் கோடிக்கணக்கான செல்கள் செத்திருக்கும். வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு 5000 கோடியிலிருந்து 7000 கோடி வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கே போகின்றன? பக்கத்திலேயே இருக்கிற விழுங்கு செல்கள் எடுத்துக்கொள்கின்றன. சாகப் போகிற செல் முதலில் சுருங்கும். தன் உட்கருவை நறுக்கும். அப்புறம் தன்னையே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. செல்லுறையின் உள்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு அப்போது வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். அதுதான் அடையாளம். விழுங்கு செல் அதைத் தடவிப் பார்த்துப் பொட்டலத்தை விழுங்கி, உள்ளே இருக்கிற சரக்கைப் பிரித்து மறு உபயோகத்துக்கு விட்டுவிடும். என் பெரியம்மா பீடி சுற்றி முடித்து எழுந்தால் தரையில் ஒரு துணுக்கு இலை கிடக்காது. அப்படி ஒரு சுத்தம்.

இந்தச் சாவுக்கு 1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கர்ரி என்ற மூன்று பேர் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மக் எடுத்துக் கொடுத்த சொல். இலை உதிர்வது என்று பொருள். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் வாசல் பெருக்கும்போதுதான் தெரியும். ராத்திரி ஒரு சத்தமும் கேட்டிருக்காது.

சத்தம் கேட்காததால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம். பொட்டலத்தை விழுங்கிய செல் சும்மா இருப்பதில்லை, ‘ஒன்றுமில்லை, எல்லோரும் போய் வேலையைப் பாருங்கள்’ என்று அக்கம்பக்கத்தை அமைதிப்படுத்தவும் செய்கிறது. தினம் 5000 கோடி சாவுக்கும் உடம்பு கொதித்து எழுந்தால் நம்மை நாமே தின்று தீர்த்துவிடுவோம். ஆனால் புற்றுச் செல்லும் இதே வழியில் ஓசைப்படாமல் செத்துப்போனால்? அங்கே இப்படி ஒருத்தன் ஒளிந்திருந்தான் என்பதே எதிர்ப்பு சக்திக்குத் தெரியாமல் போய்விடும். செத்த ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உயிரோடு இருக்கிற பத்தை விட்டுவிடும்.

இங்கேதான் எனக்குத் துட்டி சொல்ல வருகிறவர் ஞாபகம் வருகிறது. அந்த நாளில் ஊருக்கு ஊர் ஒருவர் உண்டு. சாதியின் பேரைச் சொல்லி அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டியிருந்தது ஊர். அந்த அநியாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு உயிர் போனால் மூன்று மணிக்குச் சைக்கிளை எடுத்துவிடுவார். பாப்பாக்குடி, வீரவநல்லூர், பத்தமடை, எங்கள் சேரன்மகாதேவி. விடிவதற்குள் சொந்தபந்தம் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட வேண்டும். சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வாசலில் அவர் வந்து நின்றதை நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மாட்டார். ஹாண்டில்பாரைப் பிடித்தபடி தெருவிலேயே நிற்பார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். “முக்கூடல்ல இருந்து வாரேன். பெரியவுக ராத்திரி தவறிட்டாவ. பத்து மணிக்கு எடுக்காவ.” அவ்வளவுதான். யார், எப்போது, எத்தனை மணிக்குள் வர வேண்டும். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா மாரில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். அப்பா சட்டையை மாட்டுவார். அரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர் நிற்போம்.

சில மருந்துகளால் சாகிற புற்றுச் செல் இப்படித் துட்டி சொல்லிவிட்டுச் சாகிறது. பாரீஸை ஒட்டிய வில்ஜுயிஃபில் கீடோ க்ரோமர், லாரன்ஸ் ஸிட்வோகல் ஆகியோரின் குழு 2005-இல் இதைக் காட்டியது. எலியின் குடல் புற்றுச் செல்களை டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கொண்டு கொன்றார்கள். செத்த அந்தச் செல்களை மட்டும், கூட எந்தத் தூண்டு மருந்தும் சேர்க்காமல், நோயில்லாத எலிகளுக்கு ஊசி போட்டார்கள். சில நாள் கழித்து அதே புற்றின் உயிருள்ள செல்களைப் போட்டுப் பார்த்தால், பெரும்பாலான எலிகளுக்குக் கட்டியே வரவில்லை. வேறொரு மருந்தால் கொன்ற செல்களைப் போட்ட எலிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இரண்டிலும் செல் சாகத்தான் செய்தது. ஒரு சாவுக்குச் சேதி போனது, இன்னொன்றுக்குப் போகவில்லை.

சேதி என்னவென்று அடுத்தடுத்த வருடங்களில் கண்டுபிடித்தார்கள். செல்லின் உள்ளறையில் இருக்கிற கால்ரெட்டிகுலின் என்ற புரதம் சாவதற்கு முன்னாலேயே வெளிவாசலுக்கு வந்து நிற்கிறது, என்னை எடுத்துக்கொள் என்று. செல்லின் எரிபொருளான ஏடிபி வெளியே கசிந்து ஆட்களைக் கூட்டுகிறது. உட்கருவுக்குள் டிஎன்ஏவோடு ஒட்டிக் கிடக்கிற இன்னொரு புரதம் கடைசியாக வெளியேறி, இது சாதாரணச் சாவு இல்லை என்று அறிவிக்கிறது. இதைக் கேட்டு ஓடி வருவது டென்ட்ரிடிக் செல். கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அது செத்த செல்லின் துணுக்கை எடுத்துக்கொண்டு நேரே நெறிக்குப் போகும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே நெறிதான். எதிர்ப்பு சக்திக்கு ஊர்ச் சாவடி அது. அங்கே டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களிடம் துணுக்கைக் காட்டி, இவனைத் தெரிந்துகொள் என்று பழக்கும். பழகிய டி செல் பெருகி, அந்த முகம் எங்கே தென்பட்டாலும் தேடிப்போய் அடிக்கும்.

ஒரே பிளாட்டினக் குடும்பத்து மருந்துதான் ஆக்ஸாலிப்ளாட்டினும் சிஸ்ப்ளாட்டினும். முன்னது சேதி சொல்ல வைக்கிறது. பின்னதில் கால்ரெட்டிகுலின் வாசலுக்கு வருவதில்லை. சேதி போனாலும் புற்று சும்மா விடுவதில்லை, டி செல்லின் மேல் பிரேக்கைப் போட்டுவிடுகிறது. அந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்து எடுத்துவிட வழிகாட்டியதற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் கொடுத்தார்கள். அது தனிக் கதை.

நீங்கள் முரண் என்று நினைத்தது முரணே இல்லை. இரண்டு டாக்டர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். கீமோ வேகமாகப் பெருகுகிற செல்களை அடிக்கும். எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்களும் வேகமாகப் பெருகுகிறவைதான், அவையும் அடிபடும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் எண்ணிக்கை ஆகக் கீழே இறங்கி, அடுத்த ஊசிக்குள் ஏறிவிடும். ஊர்க்காவல் குறைந்த அதே வாரத்தில் எங்கோ ஒரு புற்றுச் செல் துட்டி சொல்லிவிட்டும் செத்துக்கொண்டிருக்கலாம். எலியில் தெளிவாகப் பார்த்த இதை மனிதர்களுக்குச் சிகிச்சையாக்கத்தான் இப்போது பாடுபடுகிறார்கள். ஆகவே உங்கள் அம்மாவின் உடம்பில் இத்தனை நடக்கிறது என்று நான் கணக்குச் சொல்லப்போவதில்லை.

டென்ட்ரிடிக் செல் என்றேனே, அதை 1973-இல் உலகத்துக்குச் சொன்னவர் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த ரால்ஃப் ஸ்டைன்மன். 2007-இல் அவருக்கே கணையத்தில் புற்று. டாக்டர் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். தன் கட்டியிலிருந்து எடுத்த பொருளைத் தன்னுடைய டென்ட்ரிடிக் செல்லுக்கே காட்டிப் பழக்கித் தன் உடம்பில் திரும்ப ஏற்றிக்கொண்டார். வழக்கமான மருந்தும் எடுத்துக்கொண்டார். நான்கரை வருடம் இருந்தார். எதனால் இருந்தார் என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். அக்டோபர் 3 அன்று அவருக்கு நோபல் என்று அறிவித்தார்கள். இறந்தவருக்கு அந்தப் பரிசைக் கொடுப்பதில்லை. ஸ்டாக்ஹோமுக்குத் துட்டி போய்ச் சேரவில்லை. கடைசியில், அவர் இருக்கிறார் என்று நம்பி எடுத்த முடிவு என்பதால் பரிசு செல்லும் என்றார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் பரிசைவிட வேறொன்றைத்தான் நினைப்பேன். அந்த மனிதருக்குத் தன் நோயின் பெயர் தெரியும்.

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். செல் எங்கே போகும், அழுக்கு எங்கே தங்கும் என்று இத்தனை கேட்டுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் கேள்வியாகக்கூடக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘பயந்த சுபாவம்.’ யாருக்குப் பயம்? அவளுக்கா, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிற உங்களுக்கா? மாரில் ஒரு பக்கத்தை அறுத்திருக்கிறது. முடி கொட்டியிருக்கும். சாதாரணக் கட்டிக்கு இதெல்லாம் நடக்காது என்று தெரியாதவளா உங்களைப் பெற்று வளர்த்தாள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதே வேலையை நான் செய்தேன்.

1999. முக்கூடலில் என் பெரியம்மா. மடியில் சுளகை வைத்து, தகடு வைத்து இலை வெட்டி, விரல் நுனியில் உருட்டி, நூல் சுற்றி, பேசிக்கொண்டே ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவாள். அவளுக்கும் மார்பில்தான். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஃபைல் என் கையில். “எய்யா, என்ன கேடுன்னு சொல்லுதாவ?” என்று கேட்டாள். “வாய்வுக்கட்டி பெரியம்மா. ஊசி போட்டாச் சரியாயிரும்” என்றேன். ஒரு மாதம் கழித்து, மொட்டையாகிப்போன தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். “வாய்வுக்கா முடி கொட்டுது?” நான் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அவளுக்கும் அந்தச் சிவப்பு மருந்துதான். இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து, டாக்ஸோரூபிசின். உங்கள் அம்மாவுக்கும் அதுவோ அதன் தங்கச்சியோதான் போகும். அதை ஏற்றிய ஒன்றிரண்டு நாளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம், வேறொன்றுமில்லை. நர்ஸம்மா எங்களிடம் சொன்னாள். நாங்கள் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் என்ன மருந்து என்று கேட்பாள், என்ன மருந்து என்றால் என்ன நோய் என்று கேட்பாள். அவள் ரத்தம் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால்தானே போகும் என்று கணக்கு. மூன்றாம் நாள் உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, சுருண்டு கிடந்தாள். அப்போதும் விஷயத்தை முழுதாக உடைக்கவில்லை. “மருந்துச் சூடு” என்று ஒரு பொய்யைச் சொல்லி மோர் கொடுத்தோம்.

நான்காவது ஊசி போட்ட பத்தாம் நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. வெள்ளை அணு அடியில் கிடக்கிற நாள். 100.4 டிகிரி தாண்டினால் அந்த மணியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதையும் எங்களிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் வரப்போவது அவள் உடம்புக்கு, சேதி எங்களிடம். வழக்கமான காய்ச்சல் என்று சுக்கு தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு, கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுளகை எடுத்து உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் மதினி வந்து தொட்டுப் பார்த்தும் விடியட்டும் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் கொண்டுபோனோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அடுத்த நாள் போய்விட்டாள். புற்று அவளைக் கொல்லவில்லை.

செத்து இரண்டு மணி நேரத்தில் ஆறு ஊருக்குச் சேதி போயிற்று. கேதம் கேட்க வந்த பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு ஒருத்தியிடம் ஒருத்தி சொன்னார்கள், “கேன்சராம்லா.” உயிரோடு இருக்கும்வரை அவள் ஒருத்திக்கு மட்டும் சொல்லாத வார்த்தை. நான் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொன்னால் எதிர்ப்பு சக்தி கூடும், புற்று ஓடிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மாமாவின் கசாயத்துக்கும் என் பேச்சுக்கும் வித்தியாசமில்லை. அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தால்தான், நடக்கக் கூடாதது நடக்கும்போது வாயைத் திறப்பாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பாள். யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்வாள், நகையை யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவளே கொடுப்பாள். அழுவாள்தான். அழட்டும், கூட உட்கார்ந்து நீங்களும் அழுங்கள். ஆபரேஷன் முடிந்து மருந்து எடுத்துக்கொண்டு வருடக் கணக்கில் நன்றாக இருக்கிறவர்கள் நம் ஊரிலேயே எத்தனையோ பேர். அதையும் அவளிடம் சொல்ல வேண்டுமானால் முதலில் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும், இல்லையா?

இரண்டு ஊசி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் இரண்டு முறை சிவப்பாகப் போனதைப் பார்த்திருப்பாள். உங்களிடம் ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

நாளைக் காலையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கள். எண்ணைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். சாயங்காலம் மாமா வராத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அந்தச் சிவப்பைப் பற்றிக் கேளுங்கள். மற்றதை அவளே கேட்பாள்.

அன்புடன்,
அண்ணாச்சி